எழுத்து, பாட்டு, கேரம்: மூன்றையும் விடாமல் வைத்துக்கொள்வது எப்படி? கேள்வி பதில்

வங்கி வேலையில் இருந்துகொண்டே சபா மேடைகளுக்கு நகைச்சுவை நாடகம் எழுதியவன் நான். பஜனை கோஷ்டியில் வாரந்தோறும் பாடுகிறேன். கேரம் பலகையும் இன்னும் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் ஈடுபட்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (சோழிங்கநல்லூர், மென்பொருள் பணியாளர்): சார், அலுவலக விழாக்களுக்கு நகைச்சுவை நாடகம் எழுதுகிறேன். ஞாயிறு காலை சேர்ந்திசைப் பயிற்சி. இரவில் இணையத்தில் சதுரங்கம். தினமும் மூன்றுக்கும் அரை மணி நேரம் என்று அட்டவணை போட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கே தவறு?

பதில்: அட்டவணையில்தான் அம்மா. மூன்றுக்கும் சம பங்கு கொடுக்க நினைத்தால் எதுவும் ஒழுங்காக நடக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றும் உங்களிடம் கேட்பது வேறு. சேர்ந்து பாடுவதற்கு உங்கள் வருகை வேண்டும். நீங்கள் இல்லாத அன்று பக்கத்தில் நிற்பவருக்குச் சுருதி தடுமாறும். ஆகவே ஞாயிறு காலையை முதலில் அதற்கு ஒதுக்கிவிடுங்கள். காய்ச்சல், நெருங்கிய உறவில் கல்யாணம் தவிர வேறெதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். எழுத்து தினமும் நேரம் கேட்பதில்லை. நாள் முழுக்கக் காதைத் திறந்து வைத்திருக்கச் சொல்கிறது, பிறகு ஒருநாள் யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம் கேட்கிறது. அரை மணியில் கதாபாத்திரங்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். விளையாட்டுக்கு வேண்டியது முடிவு நேரம். மூன்று நிமிடச் சதுரங்கம்தான் இரவைத் தின்கிறது; ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் அவகாசம் தரும் ஆட்டமுறைக்கு மாறிப் பாருங்கள்.

இன்னொன்று, பருவம். மார்கழியில் நான் ஒரு காட்சிகூட எழுதுவதில்லை. அந்த மாதம் பாட்டுக்கு உரியது. மயிலாப்பூர் மாட வீதிகளில் கீர்த்தனை ஆசிரியர் பாபநாசம் சிவன் விடியலில் பாடிச் சென்ற மரபு இருக்கிற ஊரில், அந்த முப்பது நாளும் எழுத்து மேசையில் உட்கார எனக்கு மனம் வராது. தை பிறந்ததும் பேனா. சென்னை சபாவான கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் புது நாடகம் போட நினைப்பவர் மாசிக்குள் எழுதி முடித்தால்தான் ஒத்திகைக்கு நாள் மிஞ்சும். நாடகம் மேடையேறிய பிறகு கேரம். நாளைத் துண்டு போடுவதைவிட ஆண்டைப் பங்கு போடுவதுதான் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): ஐயா, ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடையில் அதே வசனத்துக்கு அரங்கம் அமைதியாக இருந்தது. ஏன்?

பதில்: ஒத்திகையில் சிரித்தவர்களுக்கு நடிப்பவரைத் தெரியும் தம்பி. அரங்கத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் வசனம் மட்டும்தான் தெரியும். அதனால் வசனத்தைப் பிரித்துப் பாருங்கள். முதலில், சிரிக்க வைக்கும் சொல் எங்கே நிற்கிறது? "ஆபீஸைத் தவிர வேறு எங்கேயும் அவருக்குத் தூக்கம் வராது" என்று எழுதினால் குட்டு முதல் சொல்லிலேயே உடைந்துவிடுகிறது; மீதி வாக்கியம் வீணாக ஓடுகிறது. "அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிற ஒரே இடம், ஆபீஸ்" என்று திருப்புங்கள். தமிழ் வாக்கியம் வினைச்சொல்லில் முடியவே விரும்பும். நகைச்சுவை எழுதுகிறவர் அந்தப் பழக்கத்தோடு ஒவ்வொரு வரியிலும் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்து, சிரிப்புக்குப் பின்னால் வரும் வரி. அரங்கம் சிரிக்கும்போது அடுத்த வசனம் யார் காதிலும் விழாது. அங்கே கதைக்கு முக்கியமான செய்தியை வைத்தால், அதற்குப் பின் வரும் நகைச்சுவை முழுக்கப் புரியாமல் போகும். அந்த இடத்தில் "என்னடா சொல்கிறாய்?" போன்ற, தொலைந்தாலும் பாதகமில்லாத வரி ஒன்றைப் போடுங்கள். நடிகரிடம், சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது பேசச் சொல்லுங்கள். முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் போய்விடும்.

கேள்வி (நங்கநல்லூர், பஜனைக் குழுவினர்): எங்கள் குழுவில் ஆண்களும் பெண்களும் உண்டு. எந்தச் சுருதியில் வைத்தாலும் ஒரு தரப்பு கஷ்டப்படுகிறது மாமா.

பதில்: சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம்; எண் கூடினால் சுருதி உயரும். பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை. நடுவில் இரண்டரைக் கட்டையில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் கொஞ்சம் ஏற வேண்டும், பெண்கள் கொஞ்சம் இறங்க வேண்டும். அப்போது பாடலைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு தேவை. மேலே தார ஸ்தாயி காந்தாரத்தை (மேல் ஸ்தாயி 'க') தாண்டினால் ஆண்கள் கத்துவார்கள். கீழே மந்திர நிஷாதத்துக்கும் (கீழ் ஸ்தாயி 'நி') இறங்கினால் பெண்களின் குரல் காணாமல் போகும். ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடும் நம் பஜனை முறை இங்கே பெரிய வரம், இடையே மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது.

குரல்களைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஸ்வர வரிசை கொடுப்பது இன்னொரு வழி. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் 1970களில் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் யூத் கொயர் இந்திய மொழிப் பாடல்களை அப்படிப் பாடிக் காட்டியது. அவரவர் குரல் எங்கே அமர்கிறதோ அங்கேயே பாடலாம். ஆனால் ஸ்வரம் எழுதிக் கொடுத்துச் சொல்லித் தர ஒருவர் வேண்டும், வராதவர்களை வைத்துக்கொண்டு அது நடக்காது.

கேள்வி (வேலூர், ஆசிரியை): நாடக ஒத்திகையும் பாட்டும் ஒரே நாளில் வந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பதில்: பாட்டை முன்னால் வையுங்கள், ஒத்திகையைப் பின்னால். உரக்கப் பேசிக் களைத்த குரலோடு மேல் ஸ்தாயிக்குப் போவதுதான் கெடுதல். ஒத்திகையில் வசனத்தை முழுக் குரலில் சொல்லத் தேவையில்லை. கடைசி ஒத்திகைக்கு மட்டும் போதும். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நீங்கள் பள்ளியிலும் நாள் முழுக்கப் பேசுகிறவர். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பெரம்பூர்): அண்ணே, கேரம் தொடங்கினால் நள்ளிரவு ஆகிவிடுகிறது. வீட்டில் தினமும் சண்டை.

பதில்: விதிப்படி ஆடுங்கள், நேரம் தானாகக் கட்டுக்குள் வரும். ஒருவர் தன் காய்கள் எல்லாவற்றையும் போட்டு முடிக்கும் சுற்றுதான் ஒரு போர்டு. ஓர் ஆட்டம் என்பது 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அது. சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளி, அதுவும் 22 புள்ளியைத் தொட்டவருக்குக் கிடையாது. எட்டு போர்டு முடிவில் புள்ளி சமமாக இருந்தாலொழிய, "இன்னும் ஒரே ஒரு போர்டு" என்ற பேச்சுக்கே விதியில் இடமில்லை. உலகப் பட்டத்தை இருமுறை வென்ற மரியா இருதயமும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னை தந்தவர்கள். உங்கள் பக்கத்து விளையாட்டு இது. அதற்குரிய மரியாதையோடு ஆடினால் வீட்டிலும் மரியாதை கிடைக்கும்.

கேள்வி (கும்பகோணம், இல்லத்தரசி): எனக்கென்று நேரமே கிடைப்பதில்லை. எழுத ஆசை.

பதில்: நேரம் மிஞ்சட்டும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா, வீட்டில் அது மிஞ்சவே மிஞ்சாது. வாரத்தில் ஒரு மாலைச் சமையலை வேறொருவர் செய்யட்டும் என்று வீட்டில் தெளிவாகக் கேளுங்கள். மற்ற நாட்களில், காதில் விழும் பேச்சை அப்படியே ஒரு வரி குறித்து வைத்தால் போதும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறவர் சொல்லும் காரணங்களை எந்த எழுத்தாளராலும் மேசையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்கள் பாட்டுக் குழுவில் நடப்பதை வைத்தே நாடகம் எழுதலாமா?

பதில்: சுபாவத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆளை எடுக்கக் கூடாது. நால்வரின் சுபாவத்தை ஒரு பாத்திரத்தில் கலந்து, தொழிலையும் வயதையும் மாற்றிவிடுங்கள். ஒருவரின் குரல் குறையைக் கேலி செய்து எழுதினால் அவர் மறுபடி வாய் திறந்து பாட மாட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

கேள்வி (கோவை, பொறியாளர்): வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா சார்?

பதில்: நகைச்சுவை நாடகாசிரியர் கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்தவர். சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1976இல் நாடக நடிகர் எஸ்.வி.சேகருக்கு எழுதிய நாடகம் பெயர் வாங்கித் தந்தது, 1979இல் சொந்தக் குழு. அதற்கும் பிறகுதான் வேலையை விட்டார். நகைச்சுவை தொழிலான பின்பும் வெண்பா எழுதினார், ஓவியம் வரைந்தார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அது. எழுத்து சம்பளமாக மாறும் நாளில், சம்பளம் தராத இன்னொன்று உங்களுக்கு வேண்டும். அதை இப்போதே கையில் வைத்திருங்கள்.

கேள்வி (திருச்சி): மூன்றில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால்?

பதில்: எழுத்தை நிறுத்தி வையுங்கள். குறிப்பேடு எத்தனை மாதமானாலும் காத்திருக்கும். பாட்டுக் குழுவிலிருந்து விலகினால் உங்கள் இடத்தில் வேறொருவர் நின்றுவிடுவார். பிரசவம், தேர்வு, வெளியூர் மாற்றல் போன்ற காரணத்தால் போக முடியாவிட்டால், எந்த மாதம் திரும்புவீர்கள் என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.