ஹெரால்ட் எஞ்சினில் ஆயில் பம்ப் கியர் உட்காரவில்லையா? நட்டை முறுக்காதீர்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா வாங்கி ஓட்டிய 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3. எஞ்சினை முழுசாகப் பிரித்து, ரீபோர் செய்து, புது பேரிங் போட்டு, ஆயில் சேம்பரையும் மூடியாகிவிட்டது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்தனுப்பும் பாகம்) கீழே வரும் கியரை இறக்கினால் அது பாதியில் நிற்கிறது. அதன்மேல் வைக்கும் பெடஸ்டல், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரைத் தாங்கும் பீடம், எஞ்சின் பிளாக்கைத் தொடவே இல்லை, கால் அங்குலம் தூக்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் "பெடஸ்டலோட ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி முறுக்குங்க, தானா இறங்கிடும்" என்கிறாராம். முறுக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதை முழுசாகப் படியுங்கள்.

அந்தக் கால் அங்குலம் உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்கிறது: கியர் கேம் ஷாப்ட்டோடு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பல் சேர்ந்துவிட்டது, ஆனால் ஆயில் பம்ப்போடு சேரவில்லை. இந்த 948 சிசி எஞ்சினில் அந்த ஒரு சின்ன கியருக்கு மூன்று உறவு. பக்கவாட்டில் கேம் ஷாப்ட் அதைச் சுற்றுகிறது, மேல்முனையில் அது டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது, கீழே இறங்கும் தண்டின் முனை ஆயில் பம்ப்பின் தண்டோடு நாக்கும் காடியுமாக (பள்ளம்) கோர்த்து அதையும் சுற்றுகிறது. நாக்கு காடிக்கு நேராக வராமல் குறுக்கே கிடந்தால் கியர் அந்த உயரத்திலேயே நின்றுவிடும், எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது.

இதில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. பம்ப் கோர்க்காத நிலையிலும் கியர் கேமோடு சுற்றும், டிஸ்ட்ரிபியூட்டரும் சுற்றும், பிளக்கில் பொறி வரும், வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகும். எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே புது பேரிங் எண்ணெயே இல்லாமல் கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டு) தேய்ந்துகொண்டிருக்கும். அதற்கு நிறைய நேரம் வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடம் போதும். நட்டை முறுக்கி இறக்கினாலோ இன்னும் மோசம், பெடஸ்டலின் காது உடையும், இல்லை பம்ப் தண்டின் முனை நசுங்கும், இல்லை கியரின் பல் கேமின் பல்லை உரசி வழித்துவிடும். கேம் ஷாப்ட்டின் பல் போனால் கேமையே மாற்ற வேண்டும். வண்டலூர் ஃபேக்டரியில் ஹெரால்ட் செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டு ஆகிறது, நல்ல கேம் ஒன்றுக்குப் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? கியரை வெளியே எடுங்கள். முதல் வேலை அதைக் கையில் வைத்துப் பார்ப்பது. பல்லின் முதுகில் பளபளவென்று ஒரு கோடு ஓடும், அது கேம் தொட்ட இடம். கோடு பல்லின் நடுவில் சீராக இருந்தால் நல்லது. பல்லின் நுனி கத்தி மாதிரி கூர்ந்திருந்தாலோ, நகத்தால் இழுத்தால் படி தட்டினாலோ அந்தக் கியரைப் போடாதீர்கள். டார்ச் அடித்துக் கேமின் பல்லையும் கியர் இறங்கும் ஓட்டை வழியாகவே பாருங்கள். இங்கிலாந்திலிருந்து புதுக் கியர் வரவழைப்பதாக இருந்தால், ஹெரால்டும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான் என்றாலும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கை, பல் சாயும் பக்கம், தண்டின் நீளம் மூன்றையும் ஒப்பிடாமல் உள்ளே விடாதீர்கள். தேய்மானம் ஏன் வந்தது என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் பம்ப் இறுக்கமாகச் சுற்றியிருக்கும், இல்லை பம்ப்பில் ஏதோ துகள் சிக்கியிருக்கும், இல்லை கியருக்கு மேலும் கீழும் அசைய இடமே விடாமல் கட்டியிருப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கியர் வெளியே இருக்கும் இந்த நேரத்தை வீணாக்காமல் பம்ப்பில் எண்ணெய் ஏற்றிவிடுங்கள். சேம்பரில் எண்ணெய் ஊற்றி அளவு பாருங்கள். சென்னை வெயிலுக்கு 20டபிள்யூ-50 போதும். அந்த ஓட்டை வழியாகக் கீழே பம்ப் தண்டின் முனை தெரியும். ஒரு நீளமான இரும்புக் கம்பியின் நுனியை அந்த முனைக்குப் பொருந்தும்படி அரத்தால் ராவி, டிரில் மெஷினில் மாட்டி, மெதுவாகச் சுற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், அதாவது டிரில்லை ரிவர்ஸில் போட வேண்டும். முதலில் டிரில் சும்மா லேசாகச் சுற்றும், கையில் ஒன்றுமே தெரியாது. திடீரென்று மோட்டாரின் சத்தம் கனத்துத் தாழும், கைப்பிடி மணிக்கட்டை முறுக்கப் பார்க்கும். எண்ணெய் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆயில் லைட்டின் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிக்கொண்டு செய்தால் முள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடையிடையே கிராங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிடுங்கள், மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை எண்ணெய் வரப் பொறுமை வேண்டும். நிறைய நேரம் சுற்றியும் சத்தம் கனக்கவே இல்லை என்றால் பம்ப்பிலோ உறிஞ்சு குழாயிலோ கோளாறு, சேம்பரை மறுபடி இறக்கத்தான் வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் கிராங்கை மறுபடி அரைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் டைமிங், அதாவது பொறி சரியான நேரத்தில் விழ வைப்பது. ராக்கர் கவரைக் கழற்றுங்கள், பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். புல்லியில் உள்ள குறி நேராக வருவது மட்டும் போதாது, ஏனென்றால் நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். 4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள், எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறக்க ஆரம்பித்தும் இருக்கும் அந்த இடத்தில் 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சியில் இருக்கும். இதைப் பார்க்காமல் போட்டு, டைமிங் நேர் எதிராகப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்கு நானே போயிருக்கிறேன்.

இப்போது கியரை இறக்குங்கள். அதன் பல் சாய்வாக வெட்டியது, அதனால் நேராக இறங்காமல் இறங்கும்போதே சுற்றிக்கொண்டு போகும். ஆகவே கடைசியில் கியரின் மேல்முனைக் காடி எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை தப்பும், பரவாயில்லை, எடுத்துவிட்டு ஒரு பல் தள்ளி மறுபடி விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கான அந்தக் காடி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி வெட்டியிருக்கும், அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே ஒரு விதமாகத்தான் கோர்க்கும். பிரிக்கும்போது போட்டோ எடுத்திருந்தால் அதைப் பார்த்து வையுங்கள். எடுக்கவில்லையா, டிஸ்ட்ரிபியூட்டரைச் சும்மா வைத்துப் பாருங்கள். உள்ளே சுற்றும் ரோட்டர் 1ஆம் பிளக் வயரை நோக்கி நிற்க வேண்டும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் வேக்கம் டப்பாவும் எங்கும் இடிக்காமல் டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்ப இடம் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிவிட்டால் எவ்வளவு டிகிரி போகும் என்று தெரிய வேண்டுமானால் 360ஐ உங்கள் கியரின் பல் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், கிராங்க் கணக்கில் அது இரட்டிப்பு. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2.

இந்த நிலையிலும் கியர் உங்கள் கால் அங்குலம் தூக்கி நின்றால் இரண்டு வழி. கியரை எடுத்துவிட்டு, அந்த ராவிய கம்பியால் பம்ப் தண்டைச் சற்றே திருப்பி வைத்து மறுபடி இறக்கலாம். இல்லையா, கியரைப் பல் சேர்ந்த நிலையிலேயே விட்டு, மேலே ஒரு விரலை மட்டும் வைத்து லேசாக அழுத்திக்கொண்டு, இன்னொருவரைக் கிராங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லலாம். பம்ப் தண்டு அசையாமல் நிற்கும், கியர் சுற்றும், நாக்கு நேராக வந்த கணத்தில் 'டொக்' என்று விரலுக்குக் கீழே விழும். அந்தச் சின்ன அதிர்வு விரலில் படுவதற்காகத்தான் விரல் என்கிறேன், சுத்தியல் பிடியால் தட்டினால் அது தெரியாது. விழுந்த பிறகு கிராங்கைத் திருப்பி அதே 4ஆம் சிலிண்டர் வால்வு நிலைக்குக் கொண்டுவாருங்கள், ரோட்டர் சரியான இடத்தில் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கியர் ஒரு சுற்று, அதனால் பல் விட்டுப்போகாதவரை கணக்கு தப்பாது.

இனி நிறையப் பேர் செய்யாமல் விடும் வேலை. கியர் மேலும் கீழும் அசைய 3 முதல் 7 தௌ இடம் வேண்டும், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் மூன்றிலிருந்து ஏழு பங்கு. அந்த இடத்தைக் கொடுப்பது பெடஸ்டலுக்கு அடியில் போடும் பேப்பர் பேக்கிங்தான். பழைய பேக்கிங் கிழிந்துவிட்டது என்று கையில் கிடைத்த அட்டையை வெட்டிப் போடுவதால்தான் கியர் தேய்கிறது, பேக்கிங் மெலிந்தால் கியர் இறுகும், தடித்தால் ஆடும். அளப்பது சுலபம். தண்டில் சரியாக நுழையும் தட்டையான வாஷர் ஒன்றை எடுத்து மைக்ரோமீட்டரில் தடிமன் பாருங்கள், லேத் பட்டறையில் கேட்டால் பார்த்துக் கொடுப்பார்கள். அதைக் கியருக்குக் கீழே தண்டில் மாட்டி கியரை இறக்கி, பேக்கிங் இல்லாமல் பெடஸ்டலை மேலே வைத்துக் கையால் அழுத்திப் பிடித்து, பெடஸ்டலுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். வாஷர் 62 தௌ, இடைவெளி 60 என்றால் பேக்கிங் இல்லாமலேயே 2 தௌ அசைவு இருக்கிறது, 3 தௌ பேக்கிங் போட்டால் 5 ஆகிவிடும். இடைவெளி 66 என்றால் கதை வேறு, பேக்கிங் இல்லாமல் கட்டினால் கியர் 4 தௌ அளவுக்கு நசுங்கும், அதற்கு 9 தௌ பேக்கிங் வேண்டும். அளந்து முடித்ததும் அந்த வாஷரை எடுத்துவிடுங்கள். எடுத்து மேஜைமேல் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பெடஸ்டலைக் கட்ட வேண்டும், மறந்து உள்ளேயே விட்டுக் கட்டிய வண்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

பெடஸ்டல் நட் கைவிரலால் முறுக்கும்போதே அடிவரை இறங்கிவிட வேண்டும், ஸ்பேனர் கடைசிக் கால் சுற்றுக்குத்தான். கட்டிய பிறகு கியரைத் தொட்டு மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், துளி அசைவு தெரிய வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் லைட் அணைகிறதா என்று ஒருமுறை பாருங்கள். டிரில்லால் ஏற்கெனவே எண்ணெய் ஏற்றியிருப்பதால் சீக்கிரமே அணைய வேண்டும். அணையாவிட்டால் பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள், நாக்கு கோர்க்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கேமும் அதன்மேல் உரசி ஏறி இறங்கும் டேப்பெட்டும் புதுசு என்றால் செல்ஃபை நீட்டி அடிக்காதீர்கள், ஓரிரு வினாடி போதும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். சூடான பிறகு அந்த வேகத்தில் கேஜ் 40 முதல் 60 பிஎஸ்ஐ காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். லைட்டை மட்டும் நம்பாதீர்கள், பிரஷர் ரொம்பவே விழுந்த பிறகுதான் அது எரியும். கேஜை அந்த இடத்திலேயே ஒரு மாதம் விட்டுவையுங்கள், ஹெரால்டில் முன்பக்கம் முழுதும் முன்னால் சாய்ந்து திறப்பதால் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு முள்ளைப் பார்க்கலாம்.

500 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி, அடியில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். சாம்பல் மாதிரி மெல்லிய பொடி ஒட்டினால் அது புது எஞ்சினின் தேய்மானம். ஊசிமுனை போலத் துண்டு துண்டாக ஒட்டினால் பெடஸ்டலைக் கழற்றிக் கியரின் பல்லை மறுபடி பாருங்கள்.