"என் முன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை": தலைமைப் பண்பும் தன்னறிதலும் – கேள்வி பதில்

மேலாளர்களுக்கு கோச்சாக, அதாவது தங்கள் நடத்தையைத் தாங்களே உணர்ந்து மாற்றிக்கொள்ள உதவுபவராக, பல வருடங்களாக வேலை செய்கிறேன். அதற்கு முன் நானும் ஒரு குழுவை நடத்தியிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் குழுவில் யாரும் குறை சொல்வதில்லை, தவறு நடந்ததாகவும் தகவல் வருவதில்லை. நல்ல சூழல்தானே?

அவசரப்பட்டு நிம்மதி அடையாதீர்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன! அந்தக் குழுக்களில் தவறை மறைக்காமல் பேச முடிந்தது; மற்ற இடங்களில் பயந்து மூடி வைத்தார்கள். பயமில்லாமல் பேச முடிகிற இந்த 'உளப் பாதுகாப்பு' பற்றி 1999இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் அடிப்படை. உங்கள் குழுவில் கடைசியாக யார், எப்போது உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்தார்? நினைவுக்கு வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். கோபப்படுபவன் இல்லை. பிறகு எதற்குத் தன்னறிதல் பயிற்சி?

உங்கள் மனதுக்குள் நடப்பது உங்களுக்குத் தெரியும். வெளியே தெரியும் முகம் மற்றவர்களுக்குத்தான் தெரியும். லஃப்ட், இங்கம் என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் வகுத்த 'ஜோஹரி சன்னல்' என்ற வரைபடம் சொல்வதும் இதைத்தான்: மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒரு பகுதி எல்லோரிடமும் உண்டு.

ஒரு மேலாளரின் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊழியர், "சோதனையில ரெண்டு கோளாறு வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதுன்னு தோணுது" என்றார். மேலாளர் திட்டவில்லை. பேனா மூடியை டக்கென்று மூடிவிட்டு, லேப்டாப்பைப் பார்த்தபடியே "சரி, அடுத்து" என்றார். அவ்வளவுதான். அதன்பின் பேசிய நான்கு பேரும் "எல்லாம் சரியாப் போகுது" என்றார்கள்.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன். "அமைதியாத்தானே கேட்டேன்?" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அந்த டக் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. நான் அறிவுரை சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க அப்பா இப்படித்தான், கோபம் வந்தா பேசமாட்டார்" என்றார்.

சில வாரங்கள் கழித்து மறுபடி போனபோது, தாமதச் செய்தி வந்ததும் "எது தடுக்குது? நான் யார்கிட்ட பேசணும்?" என்று கேட்டார். உடனே இன்னொருவர், "என் பகுதியும் தள்ளிப்போகும் சார்" என்றார். பணியிடப் பண்பாடு என்று நாம் சொல்வது, கெட்ட செய்தி வந்த அடுத்த சில நொடிகளில் தலைவர் முகத்தில் என்ன தெரிகிறது என்பதில்தான் பெரும்பாலும் உருவாகிறது என்று நான் நினைக்கிறேன்.

360 டிகிரி ஃபீட்பேக் (மேலே, கீழே, பக்கத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதும் கருத்து) வாங்கினோம். எங்கள் மேலாளர் யார் எதை எழுதினார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தேடலை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கருத்துச் சொன்னால் மட்டும் ஆள் மாறிவிடுவார் என்பது தவறான நம்பிக்கை. குளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், ஃபீட்பேக் கொடுத்தபின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு ஆளைத் தனியே விடக் கூடாது. உட்கார்ந்து சேர்ந்து படிக்க ஒருவர் வேண்டும்.

கோச்சிடம் சொல்வது நிர்வாகத்துக்குப் போய்விடுமா?

போகக் கூடாது. பணம் நிறுவனம் கொடுத்தாலும், எது வெளியே போகும், எது போகாது என்பதை நிறுவனம், கோச், நீங்கள் என மூன்று தரப்பும் முதல் நாளே பேசி எழுதி வைக்க வேண்டும். தெளிவாகச் சொல்லாத கோச்சிடம் மனம் திறக்காதீர்கள்.

எங்கள் மேலாளர் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்துகிறார். அவருக்கு கோச்சிங் கொடுத்தால் மாறுவாரா?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அவருக்கே மாற விருப்பம் இருந்தால் மாறலாம். இல்லையென்றால் எந்த கோச்சாலும் முடியாது. ஆனால் அவமானப்படுத்துவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அதை கோச்சிங்கால் மூடி மறைக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அது பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது அநியாயம். தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்து முறைப்படி புகார் கொடுங்கள். அவரைத் திருத்துவது உங்கள் பொறுப்பு இல்லை.

கோச் வைக்க வசதியில்லை. நானாக எங்கே தொடங்குவது?

அடுத்த கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் அதையொட்டியே பேசுவார்கள். பிறகு, உங்களிடம் துணிந்து பேசக்கூடிய ஒருவரைத் தனியே அழைத்து, "இன்னைக்கு நான் செஞ்சதுல எது உங்களைப் பேசவிடாம பண்ணுச்சு?" என்று கேளுங்கள். "நான் எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் சார் இருக்கீங்க" என்றுதான் வரும். பதில் வந்ததும் விளக்கம் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லி எழுதிக்கொண்டு, அதே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.