மணி பிளாண்ட்டைக் கடித்த ஜிம்மி

கேள்வி: போன வாரம் எங்கள் நாய் ஜிம்மி மணி பிளாண்ட் இலையை மென்றுவிட்டு, எச்சில் ஒழுக முகத்தைத் தரையில் தேய்த்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். சரியா, டாக்டர்?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. உப்புத் தண்ணீரே நாய்க்கு ஆபத்து. அந்த இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வாந்தி எடுத்தால் தொண்டையும் மறுபடி எரியும். வாயை ஈரத்துணியால் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, கடித்த இலையோடு உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

அப்புறம், வாசலில் சைக்காஸ் செடி, அதாவது குட்டிப் பனை போலிருக்கும் அழகுச் செடி, இருக்கிறதா? இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஒன்றிரண்டு கொட்டைகளே கல்லீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள், ஈறெல்லாம் மஞ்சள் பூத்து வந்த குட்டியை என்னால் காப்பாற்ற முடியவில்லை.