இருபது பேர் விருந்துக்கு உருளைக்கிழங்கு கிராத்தான்: பால் திரியாமல், கிழங்கு நன்றாக வேக என்ன செய்வது?

கிழங்கு வில்லைகளைப் பாலும் கிரீமும் ஊற்றி அவனில் வேகவைக்கும் பிரெஞ்சு உணவான கிராத்தானை வீட்டு விருந்துக்காகச் செய்தபோது, கிழங்கு மேலே சிவந்தும் நடுவில் வேகாமலும் இருந்தது என்றும், பால் திரிந்து தண்ணீர் தனியாக நின்றது என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதுச்சேரியில் என் மகள் முதல்முறை நற்கருணை பெற்ற புதுநன்மை விருந்தன்று எனக்கும் இதுவேதான் நடந்தது. பிரெஞ்சுக்காரர் வீடொன்றில் பல ஆண்டுகள் சமையல் பார்த்த என் பெரியம்மா தட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வில்லைகளைக் கழுவினாயா?" என்பதுதான்.

கழுவியிருந்தேன். வறுவலுக்கு நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுப் பழகிய கை நம்முடையது. அப்படிக் கழுவினால் வில்லைகளின் மேலுள்ள மாவுச்சத்து போய்விடும். மொறுமொறுப்பு வேண்டிய வறுவலுக்கு அது சரி; ஆனால் இந்த உணவில் பாலைக் குழம்பாகக் கெட்டிப்படுத்துவதும், திரிந்துபோகாமல் காப்பதும் அந்த மாவுச்சத்துதான். ஆகவே தோல் சீவிய முழுக் கிழங்கைக் கழுவித் துடைத்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்குங்கள். அதன்பின் தண்ணீர் காட்டாதீர்கள். வில்லைகள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவதுதான் சரியான பக்குவம்.

இருபது பேருக்குத் துணை உணவாக மூன்று கிலோ கிழங்கு, ஒன்றரை லிட்டர் முழுக் கொழுப்புப் பால், 200 மில்லி கிரீம் பெட்டி மூன்று போதும். பச்சைக் கிழங்கை நேராக அவனில் வைத்தால் நடுப்பகுதி வேகுமுன் மேற்பகுதி கருகிவிடும் என்பதால், பாலையும் வில்லைகளையும் அகலமான பாத்திரத்தில் சேர்த்து, கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பும் மிளகுத்தூளும் சிறிது ஜாதிக்காய்த் துருவலும் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் அடிபிடிக்காமல் மெல்லக் கிளறுங்கள். பால் கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டி நிற்கும்போது கிரீமைக் கலந்து இறக்கிவிடலாம். உப்பைக் கிழங்கு இழுத்துக்கொள்ளும். இறக்கும்போது பால் ஒரு துளி கூடுதலாகக் கரித்தால் தவறில்லை.

தட்டின் உட்புறம் முழுவதும் நறுக்கிய பூண்டுப் பல்லைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். மூன்று கிலோ ஒரே தட்டில் அடங்காது. இரண்டாகப் பிரிப்பதே நல்லது. 160 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேக வேண்டும். சூட்டைக் கூட்டினால் பால் கொதித்துத் திரியும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

சீஸ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்கிழக்குப் பிரான்சின் தொஃபினே பகுதியைச் சேர்ந்த இந்த உணவின் பெயர் 1788ஆம் ஆண்டு காப் நகரில் நடந்த ஒரு விருந்தின் பதிவில் காணப்படுகிறது. அப்பகுதி மரபில் இதில் சீஸும் இல்லை, முட்டையும் இல்லை. பாலும் பூண்டும் கிழங்கில் ஊறிய மணமே இதன் உயிர் என்று கருதுவதால் நானும் போடுவதில்லை. சீஸ்தான் வேண்டுமென்றால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் மேலே தூவுங்கள்.

விருந்து மாலையில் என்றால், காலையிலேயே முக்கால் பதம் வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் பால் சேர்ந்த உணவை வெளியே வைக்கக்கூடாது. பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மீண்டும் அவனில் வைத்து, வெளியே எடுத்தபின் இருபது நிமிடம் யாரும் கரண்டி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் தளதளவென்று இருக்கும் பால் வில்லைகளோடு இறுகி, துண்டு துண்டாக வெட்டி எடுக்க வரும்.