தப்பே நடக்காத இடத்தில் மன்னிப்புக்கு என்ன வேலை?

கேள்வி: பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸ் சிலவற்றைப் படித்தேன். எல்லாம் ஒரே வார்ப்பு. சந்தேகம், சண்டை, கண்ணீர், கடைசிக் கட்டத்தில் கட்டிப்பிடித்துச் சமாதானம். அமெரிக்க ஓவியர் ராய் லிச்சன்ஸ்டைன் இவற்றின் கட்டங்களைப் பெரிதாக்கி ஓவியமாக வரைந்ததால்தான் இவற்றை இன்னும் பேசுகிறார்கள். மற்றபடி இவற்றில் என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் படித்த இதழ்களின் அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் மூலையில் அஞ்சல்தலை வடிவில் ‘காமிக்ஸ் கோடு அத்தாரிட்டி’ முத்திரை இருக்கிறதா? இருந்தால் உங்கள் புகார் நியாயம். ஆனால் அது 1955க்குப் பிந்தைய இதழ்களைப் பற்றிய புகார். அதை வைத்து மொத்த வகையையும் தள்ளிவிடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1954ல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்ற அமெரிக்க செனட் விசாரணையும் பெற்றோர் எதிர்ப்பும் நெருக்கியபோது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித் தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு உட்பட்ட இதழுக்குத்தான் அந்த முத்திரை. முறைகேடான உறவைக் காட்டக் கூடாது, கோடிகாட்டவும் கூடாது. விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது. காதல் கதை என்றால் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டு இரண்டு பேரைப் பிரிக்க எழுத்தாளருக்கு என்ன வழி மிஞ்சும்? தவறான புரிதல் ஒன்றுதான். அவன் வேறொரு பெண்ணோடு காரில் போவதை இவள் பார்த்துவிடுவாள். ஆறு பக்கம் அழுவாள். காரில் போனவள் அவனுடைய தங்கை என்று ஏழாம் பக்கத்தில் தெரியவரும். இருவரில் யாருமே தப்புச் செய்யவில்லை. அதனால் மன்னிக்கவும் எதுவும் இல்லை. நீங்கள் வெறுத்த அந்த வெற்றுச் சமாதானம் இப்படித்தான் பிறந்தது.

அதற்கு முந்தைய ஏழாண்டுகளைப் படியுங்கள். கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947 செப்டம்பர்-அக்டோபர் தேதியிட்டு ‘யங் ரொமான்ஸ்’ முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். விலை 10 சென்ட். வயதில் சற்று முதிர்ந்த வாசகர்களுக்கானது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. ‘நான் செய்த தப்பு இது’ என்று பெண்ணே சொல்லும் ஒப்புதல் பாணியை, அந்தக் காலத்து உரைநடை இதழ்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது விற்ற வேகத்தைப் பார்த்து எல்லாப் பதிப்பகங்களும் இறங்கின. 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் தலைப்புகள் கடையில் தொங்கின. பெரும்பாலானவை அவசர வேலை, அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் செயிண்ட் ஜான் பதிப்பகத்தின் ‘டீன்-ஏஜ் ரொமான்ஸஸ்’ தனி ரகம். டானா டட்ச் எழுதி மாட் பேக்கர் வரைந்த கதைகளைத் தேடிப் பிடியுங்கள். அமெரிக்க காமிக்ஸில் பெயர் பெற்ற முதல் கறுப்பின ஓவியர்களில் ஒருவர் பேக்கர். 1959ல், 37 வயதில் இறந்துவிட்டார். டட்சின் பெண்கள் வீட்டில் பொய் சொல்கிறார்கள், தகாத ஆளோடு ஊர் சுற்றுகிறார்கள், உண்மையாகவே தப்புச் செய்கிறார்கள். அதற்காகக் கதை அவர்களைப் பழிவாங்குவதில்லை. யோசித்து, தாங்களே முடிவெடுத்துத் திரும்புகிறார்கள். எதிரில் நிற்பவனுக்கும் நடந்தது தெரியும். அங்கே நடப்பதுதான் சமரசம்.

லிச்சன்ஸ்டைன் பற்றி. ‘மூழ்கும் பெண்’ (1963) ஓவியத்தின் மூலம், டிசி காமிக்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ காதல் காமிக்ஸின் 83ஆம் இதழில் டோனி அப்ரூஸோ வரைந்த ஒரு கட்டம். மூலத்தில் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி காதலன் இருக்கிறான்; தனக்குத் தசைப்பிடிப்பு என்று வசன பலூனிலேயே அவள் சொல்கிறாள். லிச்சன்ஸ்டைன் படகையும் ஆளையும் வெட்டினார், தசைப்பிடிப்பை நீக்கினார், மால் என்ற பெயரை பிராட் ஆக்கினார். மிஞ்சியது காரணமில்லாமல் அழும் ஒருத்தி. அந்தப் பெண்ணை வைத்துத்தான் நீங்கள் காமிக்ஸை எடைபோடுகிறீர்கள்.

அவர் ஓவியங்களில் பெரிதாகத் தெரியும் அச்சுப் புள்ளிகளும் அப்படித்தான். மூல இதழ்களில் முகத்துக்கு 25 சதவீத மஜெந்தா, 25 சதவீத மஞ்சள். மை உறிஞ்சும் நியூஸ்பிரிண்ட் தாளில் அந்தப் பொடிப் புள்ளிகள் கலந்து தோல் நிறமாகத் தெரியும். அதே வண்ணத்தை வழவழ வெள்ளைத் தாளில் மறுபதிப்புச் செய்தால் கண்ணைக் குத்தும். முடிந்தவரை பழைய இதழை அப்படியே ஸ்கேன் செய்த பிரதியில் படியுங்கள். 1964க்கு முன் வந்து காப்புரிமை புதுப்பிக்கப்படாத இதழ்கள் ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’ தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செயிண்ட் ஜான் இதழ்களும் அங்கே உண்டு. டிசி இதழ்களை அங்கே தேடாதீர்கள், அவற்றுக்கு உரிமை உயிரோடு இருக்கிறது.

உங்கள் பக்கம் ஒரு நியாயத்தை நானும் சேர்க்கிறேன்: நல்ல காலத்திலும் மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் அவள்தான், வேலையை விடுவதும் அவள்தான். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முத்தத்தைத் தாண்டி, அதற்கு முந்தைய இரண்டு கட்டங்களைப் பாருங்கள். மன்னிப்பு யார் வாயிலிருந்து வருகிறது, எந்தத் தப்புக்கு வருகிறது என்று கவனியுங்கள். 1950ல் வந்த செயிண்ட் ஜான் இதழ் ஒன்று, 1958ல் வந்த எந்த நிறுவனத்தின் காதல் இதழாவது ஒன்று. இரண்டையும் ஒரே உட்காரலில் படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.