மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை (அதன் முழு டிஎன்ஏவை) வைத்து ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் உறவுமுறையைச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் அதில் எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

கல்லீரல் புழு ஃபாசியோலா ஹெபாடிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சுமார் 14,500 எழுத்து நீளமுள்ள சின்ன வளையம். அதற்குள் 36 மரபணுக்கள்: புரதத்துக்கு 12, புரதம் கட்ட உதவும் டிஆர்என்ஏவுக்கு 22, ஆர்ஆர்என்ஏவுக்கு 2.

நான் முதன்முதலில் இப்படியொரு புழுவின் காக்ஸ்1 என்ற புரத மரபணுவைப் புரதமாக மாற்றிப் பார்த்தபோது, திரையில் நடுநடுவே நட்சத்திரக் குறிகள். 'இங்கே புரதம் முடிகிறது' என்று அர்த்தம். டிஎன்ஏ வாசிப்பில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், மென்பொருளில் முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா அட்டவணையை (டிஎன்ஏவின் எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்வது) தேர்ந்தெடுத்திருக்கிறேன்! அதில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் நிறுத்தக் குறி. தட்டைப்புழுவில் அவை செரீன் என்ற அமினோ அமிலம். தட்டைப்புழுக்களுக்கான 9ஆம் எண் அட்டவணைக்கு மாற்றியதும் நட்சத்திரங்கள் போயின. இதைவிட மோசமானது ஏஏஏ. அங்கே லைசின், இங்கே அஸ்பராஜின். நட்சத்திரம் எதுவும் காட்டாமல் சத்தமில்லாமல் தப்பாகிவிடும்.

சரி, உறவுக்கு வருவோம். வளையத்தில் மரபணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது லேசில் மாறாது, அதனால் அதை நம்பலாம் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ரத்தக்குழாயில் வாழும் சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுப் பேரினம் அதில் மண்ணைப் போட்டது. ஆசிய இனமான ஜப்பானிகத்தின் புரத மரபணு வரிசை கல்லீரல் புழுவினுடையதைப் போலவே இருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த மான்சோனியில் பல மரபணுக்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. வரிசையை மட்டும் நம்பினால், ஜப்பானிகம் கல்லீரல் புழுவுக்குச் சொந்தம், மான்சோனி யாரோ என்றாகிவிடும். ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருந்து ரத்தத்தில் வாழும் இந்த இரண்டையும் பிரிப்பது அபத்தம்.

ஜப்பானிகம் பழைய வரிசையை மாற்றாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வீட்டில் தாத்தா காலத்துக் கதவு அப்படியே இருந்தால் அந்த இருவரும் மட்டும் நெருங்கிய உறவு என்று சொல்ல மாட்டோம் இல்லையா? சேர்ந்து மாறியதுதான் உறவுக்குச் சாட்சி. மான்சோனியின் மாறிய வரிசை இன்னொரு சிஸ்டோசோமா இனமான ஹீமடோபியத்திலும் இருக்கிறது, அதை நம்பலாம். மற்றபடி, 12 புரதங்களின் அமினோ அமில வரிசையைச் சேர்த்து மரம் வரைவதே மேல்.

அப்புறம் ஒன்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழிக் கதையை மட்டும்தான் சொல்லும். ஆசியாவில் ஹெபாடிகாவும் அதே பேரினத்து ஜிகாண்டிகாவும் கலந்த கல்லீரல் புழுக்கள் இருக்கின்றன. அப்படி ஒரு புழுவுக்குத் தாய்வழி ஜிகாண்டிகாவாக இருந்து, அதன் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்தால் அசல் ஜிகாண்டிகா என்றே எழுதிவிடுவீர்கள். உட்கரு டிஎன்ஏவில் இனங்களைப் பிரித்துக் காட்டும் ஐடிஎஸ் பகுதியைத் திறந்தால், வாசிப்பு வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகளின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கும்: ஒன்று ஜிகாண்டிகாவினுடையது, மற்றது ஹெபாடிகாவினுடையது.