பணம் கட்டியும் புல் மஞ்சளாகிறதா? முதலில் நுனியைக் கிள்ளிப் பாருங்கள்

கேள்வி: வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையைப் பராமரிக்க ஒரு நிறுவனத்தோடு ஒரு வருட ஒப்பந்தம் போட்டோம். பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதமாக ஆட்கள் வருகிறார்கள், வெட்டுகிறார்கள், ஏதோ தெளிக்கிறார்கள், போகிறார்கள். புல் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, நடுவில் பட்டை பட்டையாக மஞ்சள், போதாததற்குக் கோரை. கேட்டால், "உங்கள் மண் சரியில்லை, தனியாக ஒரு ட்ரீட்மென்ட் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். கட்டலாமா, இல்லை மீதித் தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: தனிக் கட்டணம் கட்டாதீர்கள். தவணையையும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேர வேலை இருக்கிறது. புல்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கிட்டத்தில் பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாமே ஒரே மஞ்சளாகத்தான் தெரியும், அதை வைத்துச் சண்டை போட்டால் "மண் சரியில்லை" என்ற ஒரே வார்த்தையில் உங்களை வாயடைத்துவிடுவார்கள்.

நாலைந்து இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு புல் இதழைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நுனியைப் பாருங்கள். கூரான பிளேடில் வெட்டியிருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கியது போல நுனி நேராக இருக்கும். மழுங்கிய பிளேடு வெட்டாது, அடித்துக் கிழிக்கும். நுனி நார் நாராகப் பிய்ந்து, ஓரிரு நாளில் காய்ந்து வெளுத்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்கச் சாம்பல் தூவியது போல இருக்கும். நீங்கள் சொல்லும் வெளுப்பு பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, எந்த உரத்தாலும் தீராது, பிளேடைச் சாணை பிடித்தால் தீரும். காலையிலிருந்து மாலை வரை ஒரே மெஷினை வீடு வீடாக உருட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சாணை பிடிக்க நேரம் ஒதுக்கித் தருவதில்லை. மருந்து அடிக்கப் பல இடங்களில் உரிமம் கேட்கிறார்கள், சரி, ஆனால் பிளேடு கூராக இருக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறார்கள் என்பதையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. 9 செ.மீ. வளர்ந்திருந்தால் 6 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் அடுத்த தடவை தாமதமாக வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பல பேர் மொட்டையடித்துவிட்டுப் போகிறார்கள். இலை போனால் வேரும் சுருங்கும், வெறும் தரையில் வெயில் படும், களை முளைக்கும்.

அடுத்தது அந்த மஞ்சள் பட்டை. ஒரு டேப்பை எடுத்து மூன்று நான்கு இடங்களில் பட்டையின் அகலத்தை அளந்து பாருங்கள். நோயோ பூச்சியோ பொதுவாக நேர்கோட்டில் வராது, ஒரே அகலத்திலும் வராது. எல்லா இடத்திலும் அகலம் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் உரம் தூவும் வண்டி போன தடம். பட்டை வைக்கோல் போலக் காய்ந்திருந்தால் ஒரே இடத்தில் இரண்டு முறை தூவிக் கருக்கியிருக்கிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், கொஞ்சம் கூடினாலும் புல்லைச் சுட்டுவிடும். உயிரோடு வெளிர் மஞ்சளாக இருந்து இரண்டு பக்கமும் கரும்பச்சையாக இருந்தால், அந்தப் பட்டையில் உரமே விழவில்லை. இரண்டுமே தூவியவர் கைத்தவறுதான், டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்தால் யாராலும் மறுக்க முடியாது.

கோரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டை விரலில் வைத்து உருட்டினால் மூன்று பக்கம் தட்டுப்படும். அது புல் இனமே இல்லை, அடியில் கிழங்கு இருக்கிறது, பிடுங்கினால் திரும்ப வரும். அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி மருந்தை நம்பிக் கோரையை ஒழிக்க முடியாது. அதனால் "களைக்கு அடித்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அடித்தது வேறு களைக்கு. எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தில் கேளுங்கள். தெளித்த மருந்தின் பெயர் வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், இதற்கெல்லாம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பதே கொடுமை.

தரை இடமிடமாகக் காய்ந்திருந்தால், காய்ந்த இடத்தின் ஓரத்தில் புல்லைக் கையால் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். பாய் சுருட்டுவது போல உரிந்து வந்தால் அடியில் வேர்ப்புழு வேலை செய்கிறது. ஒரு வீட்டில் நான் அப்படித் தூக்கியபோது, அடியில் வெள்ளை வெள்ளையாக வளைந்து கிடந்த புழுக்களைப் பார்த்து அந்த அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். எட்டு மாதமாக அந்தத் தரைக்கு உரத்துக்கு மேல் உரமாகப் போட்டு வந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, தயவுசெய்து இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புல் பத்தைகளைக் கொண்டுவந்து பதித்து ஒன்றிரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றால் அது சும்மாவே உரிந்து வரும், ஏனென்றால் வேர் இன்னும் கீழ்மண்ணுக்குள் இறங்கியிருக்காது. அங்கே புழு என்று நினைத்து மருந்தடிக்க வேண்டியதில்லை. பத்தையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகப் புது வேர் முளைத்து நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது, தண்ணீர் விட்டுக்கொண்டே பொறுத்திருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று வேரே இல்லாமல், பதித்த நாளில் இருந்தபடியே இருந்தால், கீழ்மண்ணைக் கொத்தாமல் கெட்டித்தரை மேல் அப்படியே விரித்துவிட்டார்கள், இல்லை தண்ணீர் மேலாக மட்டும் நனைத்துவிட்டுக் கீழே போகவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை ஈரமண்ணில் அழுத்துங்கள். கைபலத்துக்கு இறங்கவில்லை என்றால் தரை கெட்டி, அது பதித்தவர் பொறுப்பு. சுலபமாக இறங்கினால் தண்ணீர் விட்ட முறையைப் பாருங்கள், அது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. பதித்தவரும் பராமரிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் பராமரிப்பவரைத் திட்டிப் பயனில்லை. உங்கள் புல் பழையது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி "மண் சரியில்லை" என்ற பேச்சு. ஒரே கேள்வி கேளுங்கள்: பரிசோதனை அறிக்கை எங்கே? தரையின் பல இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் அமிலகாரத் தன்மை, சத்துகள் எல்லாம் எண்ணாக வரும். பொதுவாகப் புல்லுக்கு அந்த அமிலகார அளவு, அதாவது பி.எச்., 6 முதல் 7 வரை இருந்தால் போதும். அறிக்கை இல்லாமல் மண்ணைக் குறை சொல்கிறவர், ரத்தம் எடுக்காமலே நோய்க்குப் பெயர் வைக்கிறார். அதோடு, ட்ரீட்மென்ட் என்ற பெயரில் இரும்புச்சத்து தெளித்தால் சில நாளில் தரை பளிச்சென்று பச்சையாகிவிடும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பீர்கள், கிழிந்த நுனியும் கோரையும் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது உங்களிடம் கையெழுத்து வாங்கிய ஆள். அவருக்குக் கமிஷன் கையெழுத்துக்குத்தான், புல்லுக்கு இல்லை. பச்சைப் பசேல் என்று போட்டோ காட்டி "நாங்க பாத்துக்கறோம்" என்பார், அப்புறம் வேலையைச் சில்லறையாக வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் புகார் சொன்னால் அலுவலகம் ஆட்களைக் காட்டும், ஆட்கள் அலுவலகத்தைக் காட்டுவார்கள். ஒப்பந்தத்தை இன்றே எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா? அவர்கள் வாக்குக் கொடுத்தது இத்தனை வருகைகளா, இல்லை களை இல்லாத தரையா? பெரும்பாலும் வருகைதான் எழுதியிருக்கும், வந்து போனதும் "முடிந்தது" என்று ஒரு டிக் விழும், புல் செத்ததற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது. மூன்றாவது, வருட முடிவில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா, வேண்டாம் என்று எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தவணையைச் சத்தமில்லாமல் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும், பேச்சு அங்கேயே திரும்பிவிடும். போனில் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தில் அனுப்புங்கள். "வேலை திருப்தி இல்லை" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். "நுனி கிழிந்திருக்கிறது, பட்டை இத்தனை செ.மீ. அகலம், கோரைக்கு என்ன மருந்து அடித்தீர்கள், மண் அறிக்கை எங்கே, இரண்டு வாரத்துக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் மீதித் தவணையை நிறுத்திவைப்பேன், முன்பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்பேன்" என்று தேதியும் போட்டோவும் சேர்த்து எழுதுங்கள். கெடு தாண்டினால், நிறுத்துவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் உங்கள் பகுதி நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.

சூப்பர்வைசர் வருவதாகச் சொன்னால் அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். மெஷினை அணைத்து, பிளேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.